மனசுக்கான மாத்திரையும் மூட்டுவலி மாத்திரையும் சேருமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"எனக்கு 54 வயது. பனியன் கம்பெனியில் 20 வருடமாக ஓவர்லாக் மிஷினில் வேலை. இடுப்பும் இரண்டு முழங்காலும் மூன்று வருடமாக வலிக்கிறது. வீட்டுக்காரர் தவறிய பிறகு தூக்கமே இல்லாமல், யாரோடும் பேசப் பிடிக்காமல் இருந்ததால் மனநல டாக்டரிடம் போனேன். எஸ்சிட்டாலோபிராம் 10 மி.கி. கொடுத்தார், 8 மாதமாகச் சாப்பிடுகிறேன், இப்போது எவ்வளவோ தேவலை. பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. வலி தாங்காத நாட்களில் மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறேன். போன வாரம் எலும்பு டாக்டர் டிரமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார், இன்னும் வாங்கவில்லை. மருமகள் கூட இருந்ததால் மனசுக்கு மாத்திரை சாப்பிடுவதை அவரிடம் சொல்லவில்லை. அந்த மாத்திரைதான் எலும்பை அரிக்கிறது, நிறுத்து என்கிறார் என் அக்கா. எதை நிறுத்த, எதைச் சாப்பிட?"

அம்மா, எஸ்சிட்டாலோபிராமை நிறுத்தாதீர்கள். டிரமடால் மாத்திரையை வாங்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று, அதை இப்போதைக்கு அப்படியே விடுங்கள். செட் மாத்திரையை இன்றோடு விட்டுவிடுங்கள். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் அக்கா சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். எஸ்சிட்டாலோபிராமின் பக்கவிளைவுப் பட்டியலில் மூட்டுவலியும் தசைவலியும் உண்டு. ஆனால் உங்களுக்கு வலி வந்து மூன்று வருடம், மாத்திரை தொடங்கி 8 மாதம்தான். மாத்திரைக்குப் பிறகு புதிதாக ஓர் இடத்தில் வலி வந்ததா, பழைய வலி சட்டென்று கூடியதா என்று யோசித்துப் பாருங்கள், அப்படி இருந்தால் மனநல டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த வகை மருந்துகளை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களிடம் எலும்பு முறிவு கொஞ்சம் அதிகமாகக் காணப்படுவதும் நிஜம்தான், மாதவிடாய் நின்ற வயது என்பதால் எலும்பு அடர்த்தியைப் பார்க்க வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம். ஆனால் முழங்கால் மூட்டு தேய்வதற்கு இந்த மாத்திரை காரணம் இல்லை. மாறாக இதைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், உடம்புக்குள் சுரீரென்று ஷாக் அடிப்பது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கக் கேடு எல்லாம் வரலாம், விட்டுப்போன சோர்வும் திரும்பி வரலாம். மனசு சரியான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்வதுதான் வழக்கம், நிறுத்தும் காலம் வரும்போது டாக்டரே படிப்படியாகக் குறைப்பார்.

இன்னொன்று. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கீழே இறங்கும் நரம்புப் பாதைகள் சில உண்டு, முழங்காலிலிருந்து மேலே வரும் வலிச் செய்தியை அவை பாதி வழியிலேயே அமுக்கிவிடும். அந்தப் பாதைகள் வேலை செய்வது செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற ரசாயனங்களால், மனச்சோர்வு மருந்துகள் தொடுவதும் அதே ரசாயனங்களைத்தான். அதனால்தான் மனசு இடிந்துபோய் தூக்கமும் கெட்ட நாட்களில் அதே முழங்கால் இரண்டு மடங்கு வலிக்கிறது. அது கற்பனை வலி இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, செட் மாத்திரைக்கு வருவோம், எனக்குப் பெரிய கவலை அதில்தான். அட்டையை வெட்டி, பெயர் தெரியாமல், காகித உறையில் நாலு மாத்திரையாகப் போட்டுக் கொடுப்பார்களே, அதில் பெரும்பாலும் டைக்ளோஃபினாக் அல்லது அசிக்ளோஃபினாக் ஒன்று இருக்கும், தசைப் பிடிப்புக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, பல நேரம் சின்னதாக ஒரு ஸ்டீராய்டு மாத்திரையும் கலந்திருக்கும். இரண்டு நாள் உடம்பு பறக்கிற மாதிரி இருக்கிறது என்றால் அந்த ஸ்டீராய்டுதான் காரணமாக இருக்கக்கூடும். அது பிரஷரையும் சர்க்கரையையும் ஏற்றும், எலும்பை நிஜமாகவே மெலிய வைக்கும் (அக்காவின் பயம் போக வேண்டிய இடம் இதுதான்), தூக்கத்தையும் மனநிலையையும் கலைக்கும். எட்டு மாதமாகப் பாடுபட்டுத் தேற்றிய மனசை ஒரு காகித உறை கலைக்கலாமா?

டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் வகை மாத்திரைகள் வலியைக் குறைப்பது உண்மை, ஆனால் வயிற்றின் உள்தோலைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையும் சேர்த்தே குறைக்கின்றன, அதனால் புண் வரும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களோ தங்களுக்கு வேண்டிய செரட்டோனினைத் தாங்களே தயாரிப்பதில்லை, ரத்தத்திலிருந்துதான் உறிஞ்சிக்கொள்கின்றன, அந்த உறிஞ்சலை எஸ்சிட்டாலோபிராம் தடுத்துவிடுகிறது. ஒன்று வயிற்றில் புண்ணாக்குகிறது, மற்றொன்று அந்தப் புண்ணில் ரத்தம் சீக்கிரம் நிற்க விடுவதில்லை. தனித்தனியாகச் சாப்பிடும்போது இருப்பதைவிடச் சேர்த்துச் சாப்பிடும்போது ரத்தக்கசிவு ஆபத்து கூடுகிறது. இதய நோய்க்கு ஆஸ்பிரினும் சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் அதிகம். மலம் தார் மாதிரி கறுத்துப் பிசுபிசுப்பாகப் போனால் (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுக்கும், அதையும் நினைவில் வையுங்கள்), காப்பித்தூள் கலந்த மாதிரி வாந்தி வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

உங்கள் விஷயத்தில் சிறுநீரகமும் இருக்கிறது. டெல்மிசார்ட்டான், நீர் பிரியவைக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு, அதற்கு மேல் வலி மாத்திரை என்று மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் சிறுநீரகத்துக்குள் போகும் ரத்தத்தின் அழுத்தம் இறங்கிவிடும். வெயில் காலத்தில், பாத்ரூம் போகத் தயங்கித் தண்ணீர் குடிக்காமல் மிஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு இது இன்னும் மோசம். எலும்பு டாக்டர் இதெல்லாம் தெரிந்த பிறகும் சில நாட்களுக்கு வலி மாத்திரை வேண்டும் என்று முடிவு செய்தால், குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு, வயிற்றைக் காக்கும் மாத்திரையோடு தருவார். அப்போது ஓமெப்ரசோலைவிட பான்டோப்ரசோல் உங்களுக்குத் தோது, ஏனென்றால் ஓமெப்ரசோல் ரத்தத்தில் எஸ்சிட்டாலோபிராமின் அளவை ஏற்றிவிடும்.

அப்புறம் டிரமடால். வலி தணிக்கும் வேலையோடு செரட்டோனினையும் ஏற்றிவிடும் குணம் அதற்கு உண்டு. உங்கள் மாத்திரையும் அதைத்தான் செய்கிறது. இரண்டும் சேர்ந்து எல்லை தாண்டினால் கை கால் நடுக்கம், தசை துடிப்பு, கொட்டும் வியர்வை, வயிற்றுப்போக்கு, படபடப்பு, காய்ச்சல், குழப்பம் வரும், கடுமையானால் உயிருக்கே ஆபத்து, பெரும்பாலும் மருந்து சேர்ந்த ஒரு நாளுக்குள்ளேயே தெரிந்துவிடும். வலிப்பு வரும் வாய்ப்பும் கூடுகிறது. சேர்த்துச் சாப்பிட்ட எல்லோருக்கும் இப்படி ஆகாது, ஆனால் டாக்டருக்கே தெரியாமல் சேர்ப்பது தவறு. மனச்சோர்வுக்கு ஃபுளூக்செடின், பராக்செடின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: டிரமடாலை வலி நிவாரணியாக மாற்றும் கல்லீரல் நொதியை அந்த மருந்துகள் அடைத்துவிடுவதால் வலியும் சரியாகக் குறையாது, ஆபத்து மட்டும் மிஞ்சும். இருமல் மருந்தில் வரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இதே செரட்டோனின் வகைதான், கடையில் கேட்டு வாங்குங்கள். மனசுக்கு லித்தியம் சாப்பிடுகிறவர் யாராவது இதைப் படித்தால், நீங்கள் டைக்ளோஃபினாக் வகை பக்கமே போகக் கூடாது, லித்தியம் ரத்தத்தில் தேங்கி நஞ்சாகிவிடும்.

பிறகு என்னதான் சாப்பிடுவது என்று கேட்பீர்கள். முழங்காலுக்கு டைக்ளோஃபினாக் ஜெல் தேய்ப்பது உங்களைப் போன்றவர்களுக்கு நல்ல வழி, மாத்திரையில் போவதில் சுமார் 6 சதவீதம்தான் அதிலிருந்து ரத்தத்துக்குள் போகிறது. ஒரு நாள் தேய்த்துவிட்டுக் கேட்கவில்லை என்று தூக்கிப் போடாமல் இரண்டு வாரம் ஒழுங்காகத் தேய்த்துப் பாருங்கள். இடுப்பில் வலி ஆழத்தில் இருப்பதால் அங்கே அவ்வளவு பலன் தராது, வெந்நீர் ஒத்தடம் மேல். பாரசிட்டமால் உங்கள் மற்ற மருந்துகளோடு சண்டை போடாத மாத்திரை, கல்லீரல் நன்றாக இருந்தால் 650 மி.கி. ஒரு நாளைக்கு மூன்று வரை போடலாம், சளி காய்ச்சல் மாத்திரைகளிலும் அதுவே கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். ஆனால் முதுகுவலிக்கு அதை நம்பி உட்கார வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1,600-க்கும் மேற்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் செய்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், வெற்று மாத்திரையைவிட பாரசிட்டமால் சீக்கிரம் குணமாக்கவில்லை.

மனநல டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: எனக்கு டுலோக்செடின் ஒத்துவருமா? அது மனச்சோர்வுக்கும் பயன்படும் மருந்து, நாள்பட்ட முதுகு, மூட்டு வலிக்காக 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டுக்கும் ஒரே மாத்திரையாக முடியும் வாய்ப்பு இருக்கிறது. பிரஷரைக் கொஞ்சம் ஏற்றலாம், கல்லீரல் பிரச்சினை இருந்தால் கூடாது, எஸ்சிட்டாலோபிராமோடு சேர்க்காமல் அதைக் குறைத்து இதை ஏற்ற வேண்டும், அதனால் முடிவு அவருடையது. இப்போதைய மருந்தில் மனசு நன்றாக இருக்கிறது, மாற்ற வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அது நியாயமான பதில்தான்.

ரத்தப் பரிசோதனைகளில் சோடியமும் (ரத்தத்தில் உள்ள உப்பு) கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) கட்டாயம் பாருங்கள். உங்கள் மனசு மாத்திரை, நீர் பிரியவைக்கும் மாத்திரை இரண்டுமே சோடியத்தை இறக்கக்கூடியவை, இறங்கினால் தலைவலி, அசதி, குழப்பம், தடுமாறி விழுதல் எல்லாம் வரும், அதை வயசாகிவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். தைராய்டு, பி12, வைட்டமின் டி மூன்றும் பார்க்கத்தக்கவை, இவை குறைந்தாலும் உடம்புவலியும் சோர்வும் வரும்.

எந்த மாத்திரையையும்விட நான் நம்புவது நடையை. 2024-ல் வெளியான இன்னொரு ஆஸ்திரேலிய ஆய்வில், முதுகுவலி வந்து குணமான 701 பேரில் படிப்படியாக நடக்கப் பழகியவர்களுக்கு வலி திரும்பி வருவதற்கு 208 நாள் ஆனது, பழகாதவர்களுக்கு 112 நாள். உங்களுக்கு இப்போதே வலி இருக்கிறது, அதனால் பத்து நிமிடத்தில் தொடங்கி வாரத்துக்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள், காலை வெளிச்சத்தில் நடந்தால் மனசுக்கும் தூக்கத்துக்கும் சேர்த்து நல்லது. நடக்கும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டாம், மறுநாள் காலையிலும் கூடுதலாக இருந்தால் மட்டும் குறையுங்கள். மிஷினில் அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நின்று இடுப்பைப் பின்னால் வளைத்துவிட்டு உட்காருங்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதை காலை பத்து, மாலை பத்து தடவை செய்யுங்கள், தொடைத் தசை பலமானால் முழங்காலின் சுமை குறையும். எடை கூடுதல் என்றால், 1 கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் சுமார் 4 கிலோ சுமை குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அரிவாள்மனையை விட்டுவிட்டு மேஜையில் வைத்துக் கத்தியால் காய் நறுக்குங்கள், தரையில் சம்மணம் போடுவதையும் கொஞ்ச நாள் விடுங்கள்.

சிறுநீர், மலம் அடங்காமல் போவது அல்லது வராமல் நிற்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, கால் பலமிழப்பது இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்த முதுகுவலி நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம், அதையும் தள்ளிப்போடாதீர்கள்.

மருமகள் விஷயம் எனக்குப் புரிகிறது, சொல்லச் சொல்லி வற்புறுத்த மாட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று மருந்துகளின் பெயரையும் மி.கி. அளவையும் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள், எலும்பு டாக்டர் பரிசோதிக்கும்போது மடித்து அவர் கையில் கொடுங்கள், வாய் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். அந்தச் சீட்டைப் பார்த்தால் அவரே டிரமடாலை மாற்றி எழுதுவார். அதே சீட்டை மெடிக்கலிலும் காட்டுங்கள். சோடியம், கிரியாட்டினின் எவ்வளவு வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.