அரை நிமிடம் ஓடி நின்றுவிடும் சிட்டி கோல்ஃப்

புது கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்) வாங்காதீர்கள். டர்பன் சேட்ஸ்வொர்த்தில் வீட்டு முற்றத்தில் 6 வருஷம் கிடந்த சிட்டி கோல்ஃப் கார், ஸ்டார்ட் ஆகி அரை நிமிடத்தில் அணைகிறது, கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பிடிக்கிறது என்கிறீர்கள். அது பெட்ரோல் போதுமான அளவு வராத அறிகுறி. கார்புரேட்டர் கிண்ணத்தில் தேங்கியது தீர்ந்ததும் எஞ்சின் நிற்கிறது. மெல்ல ஊறி நிறைந்ததும் திரும்பப் பிடிக்கிறது.

எனக்குச் சந்தேகம் டேங்க் மேல்தான். பாதி காலியான டேங்கில் ஈரம் கோத்துத் துரு பிடித்து, பெட்ரோல் வரும் வழியை அடைக்கும், டர்பன் கடற்காற்றுக்குக் கேட்கவே வேண்டாம். என் பழைய வண்டியின் டேங்கை ஜாம் பாட்டிலில் வடித்தபோது தேயிலைச் சாயம் மாதிரி வந்தது, வார்னிஷ் வாடை. அடியில் ஒரு விரற்கடை செந்தூள்.

சோதிக்க:
1. எஞ்சின் பக்கத்திலுள்ள பெட்ரோல் பம்புக்கு டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி, அந்த ஹோஸின் முனையை அடைத்துவிடுங்கள்.
2. பம்பில் அதே இடத்தில் வேறொரு ஹோஸை மாட்டி, மறுமுனையைப் புது பெட்ரோல் உள்ள சிறு கேனில் விடுங்கள்.
3. எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். நிற்காமல் பத்து நிமிடம் ஓடினால் பம்பும் கார்புரேட்டரும் நலம். டேங்கைக் கழுவி, பில்டரும் ரப்பர் ஹோஸ்களும் மாற்றினால் போதும். அப்போதும் நின்றால் அடுத்தது பம்ப். உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு விறைத்திருக்கும்.

கேனை எஞ்சின் மேல் வைக்காதீர்கள், பேட்டரிக்கும் புகைக்குழாய்க்கும் தள்ளியே இருக்கட்டும். திறந்தவெளியில் செய்யுங்கள், தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில்.

ஓடிவிட்டது என்று உடனே ரோட்டில் இறக்கிவிடாதீர்கள். பிரேக் ஆயில் இத்தனை வருஷத்தில் ஈரம் குடித்திருக்கும், பின் சக்கரச் சிலிண்டர்கள் இறுகியிருக்கலாம். கார்புரேட்டருக்கு ஒதுக்கிய பணத்தை பிரேக்கில் போடுங்கள்.