கரி எஞ்சினைத் திருத்த யாரும் முயலவில்லையா?

கேள்வி: மதுரை லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்த என் தாத்தா, கரி எஞ்சினை யாராவது ஒழுங்காகத் திருத்தியிருந்தால் அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் என்று அடிக்கடி சொல்வார். அப்படி யாரும் முயலவே இல்லையா?
— வாசகர், திருமங்கலம்

பதில்: முயன்றார்கள்; அவர்களில் ஒருவர் ஓட்டியும் காட்டினார். அதை விளங்கிக்கொள்ள, போடி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணைக் கசக்கியவர்களின் அனுபவமே போதும். கண்ணில் விழுந்த அந்தத் துகள், முழுதும் எரியாமல் புகைபோக்கி வழியே பறந்துபோன கரி. எஞ்சினில் கரி எரியும் அறைக்குள் அடியிலிருந்து காற்று வேகமாகப் பாயும்போது, பொடிக்கரி எரிந்து முடிவதற்குள் மேலே தூக்கி வீசப்பட்டுவிடும். பழைய எஞ்சின்கள் கரியின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவிசையாக மாற்றாததற்கு இதுவும் ஒரு காரணம்.

அர்ஜென்டினாவின் பொறியாளர் லிவியோ தாந்தே போர்த்தா இந்த இடத்தில்தான் கைவைத்தார். கரியைத் தடிமனாகப் பரப்பி, அடியிலிருந்து வரும் காற்றைக் குறைத்து, மீதியைத் தீக்கு மேலே பக்கவாட்டுத் துளைகள் வழியே விட்டார்; கரி முதலில் வாயுவாகிப் பிறகு எரிந்தது. அடிக்காற்றோடு சிறிது நீராவியையும் சேர்த்ததால், சாம்பல் உருகிக் கட்டிதட்டுவதும் குறைந்தது. கம்பியால் அந்தக் கட்டிகளை உடைத்து இழுத்த உங்கள் தாத்தாவுக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். போர்த்தாவின் வழியைப் பின்பற்றிய டேவிட் வார்டேல், தென்னாப்பிரிக்க ரயில்வேயின் 3450ஆம் எண் எஞ்சினை 1981இல் மாற்றியமைத்தார். சிவப்பு வண்ணம் பூசியிருந்ததால் 'ரெட் டெவில்' என்று பெயர்பெற்ற அது, அதே வகைப் பழைய எஞ்சின்களைவிடக் கரியை ஏறக்குறைய 28 சதவீதமும் தண்ணீரை 30 சதவீதமும் மிச்சப்படுத்தியது. இருந்தும், நிர்வாகம் டீசலுக்கும் மின்சாரத்துக்கும் மாறிக்கொண்டிருந்ததால் அதற்கு ஜோடி பிறக்கவில்லை.

அமெரிக்காவில் எண்ணெய் விலை ஏறியிருந்த காலத்தில், ராஸ் ரோலண்ட் என்பவர் ஏசிஇ 3000 என்ற 3000 குதிரைத்திறன் எஞ்சினைத் திட்டமிட்டார். வெளியேறும் நீராவியைக் குளிர்வித்து மீண்டும் தண்ணீராக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. 1985 ஜனவரியில் 614ஆம் எண் பழைய எஞ்சினைக் கொண்டு மேற்கு வர்ஜீனியாவில் கரி ஏற்றிய சரக்கு ரயில்களை இழுக்கவைத்துச் சோதனை நடத்தினார்கள். எண்ணெய் விலை இறங்கியதும் பணம் போட ஆளில்லாமல், புதிய எஞ்சின் வரைபடத்தோடு நின்றுவிட்டது. நம் நாட்டிலோ, சித்தரஞ்சன் தொழிற்சாலை 1972இலேயே கரி எஞ்சின் செய்வதை நிறுத்திவிட்டது.

ஆனால் எரிபொருள் கணக்கு மட்டுமே இதைத் தீர்மானித்தது என்று நான் நினைக்கவில்லை. டீசல் எஞ்சினைச் சில நிமிடங்களில் கிளப்பிவிடலாம். கரி எஞ்சினுக்கோ பல மணி நேரம் முன்பே தீ மூட்டி, சாம்பல் அள்ளி, வழியெல்லாம் தண்ணீர் பிடித்துக்கொண்டே போக வேண்டும். காலை வண்டிக்கு ஓர் எஞ்சினைத் தயார்செய்ய, இரவில் ஷெட்டில் எத்தனை பேர் விழித்திருந்தார்கள் என்பதைத் தாத்தாவிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள்.