எஸ்ஜிபிடி கூடினால் உடம்பில் உள்ள புரதம் கரைந்துவிடுமா?

கேள்வி: எனக்கு 41 வயது. ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளான (என்சைம்) எஸ்ஜிபிடி 96, எஸ்ஜிஓடி 58 என்று அதிகமாக வந்திருக்கிறது. நொதிகள் அதிகமானால் உடம்பில் உள்ள புரதத்தையே அரித்துவிடும் என்று இணையத்தில் படித்தேன். அசதி, வாயுத் தொல்லை, முடி உதிர்வும் இருக்கின்றன. என்சைம் மாத்திரையும் ஒரு மூலிகை டானிக்கும் நானாகவே சாப்பிடுகிறேன். என் கல்லீரல் கெட்டுப்போய்விட்டதா?

பதில்: முதலில் டானிக்கையும் மாத்திரையையும் நிறுத்துங்கள். ஏற்கெனவே காயப்பட்டிருக்கும் கல்லீரலில், என்ன கலந்திருக்கிறது என்றே தெரியாத ஒன்றை ஊற்றுவது வைத்தியம் ஆகாது. மூலிகைத் தயாரிப்புகளாலேயே கல்லீரல் அழற்சி வந்து படுத்தவர்கள் உண்டு.

உங்களை எந்த நொதியும் அரிக்கவில்லை. நொதியும் ஒரு புரதம்தான். அமினோ அமிலச் சங்கிலி ஒரு குறிப்பிட்ட விதமாக மடியும்போது அதில் ஒரு சிறு குழிவு உருவாகிறது. அந்தக் குழிவில் எது பொருந்துகிறதோ அதன்மேல் மட்டும்தான் நொதி வேலை செய்யும். எஸ்ஜிபிடியின் வேலை, அலனின் என்ற அமினோ அமிலத்திலிருந்து அமினோ தொகுதியை எடுத்து வேறொரு மூலக்கூறுக்கு மாற்றுவது. புரதத்தை வெட்டும் அமைப்பே அதற்குக் கிடையாது. 96 என்ன, 960 இருந்தாலும் வெட்டாது.

அப்படியானால் 96 எதைச் சொல்கிறது? இந்த நொதி கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டியது. செல் காயப்பட்டால் ரத்தத்தில் கசிகிறது. ஆய்வகத்தில் அதை நேராக எடைபோடுவதில்லை. உங்கள் ரத்த மாதிரியுடன் அலனினைத் தாராளமாகச் சேர்த்து, எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று பார்க்கிறார்கள். நொதி இரண்டு மடங்கு இருந்தால் வேகமும் இரண்டு மடங்கு. ரிப்போர்ட்டில் 'யூனிட்' என்று இருப்பது அந்த வேகம்தான். கசிந்து வந்த எஸ்ஜிபிடி ஏறக்குறைய இரண்டு நாளில் பாதியாகிவிடும். வாரக்கணக்கில் குறையாமல் நின்றால், கசிவு தொடர்கிறது என்று அர்த்தம்.

ஆனால் கசிவு வேறு, செயலிழப்பு வேறு. கல்லீரல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதைப் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி, ஆல்புமின் என்ற ரத்தப் புரதம், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் ஆகியவை சொல்லும். நீங்கள் உண்மையில் பயப்பட வேண்டிய ஒன்று இங்கேதான் இருக்கிறது. கண் வெள்ளை மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அதோடு குழப்பமான பேச்சோ, பகலில் தூங்கி வழிவதோ, ஈறில் ரத்தக் கசிவோ இருந்தால் அவசரப் பிரிவுக்கே போக வேண்டும். அந்த நேரத்தில் எஸ்ஜிபிடி குறைந்திருக்கிறதே என்று நிம்மதி அடைய வேண்டாம். கடுமையாகச் சிதைந்த கல்லீரலில் கசிய செல்களே மிச்சமில்லாமல் போயும் எண் இறங்கும், ஐ.என்.ஆர் மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

என்சைம் மாத்திரை விஷயம்: வயிற்று அமிலம் பொதுவாக நொதியின் மடிப்பைக் குலைத்துவிடும், பிறகு வயிற்றில் புரதத்தை வெட்டும் பெப்சின் அதைத் துண்டாக்கிவிடும். வடிவம் போனால் வேலையும் போயிற்று. கணையம் போதுமான நொதி சுரக்காதவர்களுக்கு, அமிலம் தாங்கும் உறையுடன் மருத்துவர்கள் தருவது வேறு. அதுவும் குடலுக்குள் உணவைச் செரிக்க மட்டும்தான் உதவும், கல்லீரலுக்கு அல்ல.

முடி உதிர்வுக்கும் வாயுவுக்கும் இந்த எண்ணுக்கும் பெரும்பாலும் நேரடிச் சம்பந்தம் இருக்காது. அசதிக்கு நூறு காரணம் இருக்கும், மருத்துவரிடம் சொல்லுங்கள், போதும்.

இந்த அளவு உயர்வுக்கு மிகச் சாதாரணமான காரணம் கொழுப்புக் கல்லீரல். மதுப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகள் ஏதும் இருந்தால் அவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை, வயிற்று ஸ்கேன், சர்க்கரை, கொழுப்பு அளவுகள் இப்போதே பார்த்துவிடலாம். நான்கு வாரம் கழித்துப் பிலிருபின், ஐ.என்.ஆர் உடன் எஸ்ஜிபிடியை மறுபடி எடுங்கள். அதற்கு முந்தைய ஒரு வாரம் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், தசையிலிருந்தும் இந்த நொதிகள் கசியும்.