ஏற்காட்டில் சரிவான தோட்டத்துக்கு வெடேலியா நடலாமா?

தரையை மூடிப் படர்ந்து, பல வருடம் வாழும் செடியைத் தரைமூடிச் செடி என்கிறோம். மஞ்சள் பூ பூக்கும் வெடேலியா அதில் ஒன்று.

இது வேகமாகப் பரவக் காரணம் கணு. தண்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள், மண்ணைத் தொட்ட கணுக்களில் எல்லாம் வெள்ளை வேர் இறங்கியிருக்கும். துணியில் ஓட்டுத்தையல் போட்டதுபோல அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழையில் சரிவு எளிதில் கரையாது. சரி, ஆபத்தும் அதே கணுவில்தான். வெட்டிப்போட்ட துண்டுகூடத் துளிர்க்கும். காப்பித் தோட்டமும் சோலைக்காடும் பக்கத்திலேயே இருக்கிற ஊரில் அதை ஓடையோரம் கொட்டவே கூடாது. சிமெண்ட் விளிம்பு கட்டிய பாத்திக்குள் மட்டும் நடுங்கள். கழித்ததை வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துக் கீரைக்குப் பறித்துவிடாதீர்கள். பூ ஒத்திருந்தாலும் இது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த வேறு செடி.