சோளத்தைத் தேடும் புழுக்களும் வரப்போரப் புற்களும்: தென்னாப்பிரிக்க வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

டொங்காட் வாசகர்: மக்காச்சோளக் குருத்தில் மரத்தூள் போன்ற எச்சம் கிடக்கிறது. இடையில் மண்டியுள்ள புல்லுக்கு உடனே களைக்கொல்லி அடிக்கலாமா?

அடிப்பதற்கு முன் குருத்தைப் பிரித்துப் புழுவைப் பாருங்கள். தலையில் கவிழ்ந்த ஆங்கில ‘ஒய்’ (Y) எழுத்தைப் போன்ற வெளிர்கோடும், வால்பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் இருந்தால், அது 2017-இல் தென்னாப்பிரிக்காவில் உறுதிசெய்யப்பட்ட அமெரிக்கப் படைப்புழு. 350-க்கும் மேற்பட்ட செடியினங்களில் அது காணப்பட்டாலும், இளம் மக்காச்சோளம் கிடைக்கும் இடத்தில் தாய் அந்துப்பூச்சி பெரும்பாலும் அதன் இலையிலேயே முட்டைக் குவியலை இட்டுவிடுகிறது. எனவே புல்லை அழிப்பதால் மட்டும் அது குறையாது. குருத்துகளை வாரந்தோறும் சோதித்து, புழு சிறிதாக இருக்கும்போதே மருந்திட வேண்டும்.

அந்தப் புள்ளிகள் இல்லாமல், கரிய புழுக்கள் கூட்டமாகத் திரண்டிருந்தால் அது ஆப்பிரிக்கப் படைப்புழு. அப்போது களைக்கொல்லி அடிக்கவே கூடாது. புல் காய்ந்ததும் பசித்த கூட்டம் முழுவதும் மக்காச்சோளத்தின் மீது ஏறிவிடும். முதலில் புழு, பிறகு களை என்பதே சரியான வரிசை.

உம்சிண்டோ வாசகர்: ஆப்பிரிக்கப் படைப்புழுக் கூட்டம் என் அவரையையும் தின்னுமா?

ஆப்பிரிக்கப் படைப்புழுவுக்குப் புல்லினமும் தானியமுமே உணவு. அவரை போன்ற அகன்ற இலைச் செடிகளை அது பொதுவாகத் தொடுவதில்லை.

ஸ்டாங்கர் வாசகர்: வயலைச் சுற்றி நேப்பியர் புல் வைத்தால் தண்டுத் துளைப்பான் பெருகாதா?

பெருகாது. தாய்ப்பூச்சியின் விருப்பமும் குஞ்சுப்புழுவின் நலனும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆசியாவிலிருந்து வந்து ஆப்பிரிக்காவில் பரவிய தண்டுத் துளைப்பான் (தமிழகச் சோளக்கொல்லைகளிலும் இருப்பது இதுவேதான்) மக்காச்சோளத்தைவிட நேப்பியரில் விரும்பி முட்டையிடுகிறது. ஆனால் புழு தண்டைத் துளைத்ததும் கசியும் பிசின் போன்ற சாற்றில் சிக்கி, பெரும்பாலானவை இளமையிலேயே மடிந்துவிடுகின்றன. கரும்பு வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கரும்பைத் துளைக்கும் எல்டானா ஆதியில் சதுப்புநிலக் கோரைகளில் வாழ்ந்த பூச்சி. ஓடையோரக் கோரையை அழிக்காமல் விட்டால் தாய்ப்பூச்சி அங்கே ஈர்க்கப்படும். தோட்டத்தருகே மொலாசஸ் புல் வளர்த்தால் அதன் வாசனை பூச்சியை விலக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்: முளைத்த சோளக்கன்றுகள் இரவோடு இரவாகத் தரைமட்டத்தில் வெட்டுண்டு கிடக்கின்றன. களையை உழுத மறுவாரமே விதைத்தேன்.

அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டுப்புழு களைகளைத் தின்று வளர்ந்து, பகலில் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும். களை மறைந்ததும் கன்று ஒன்றே அதற்கு மிச்சம். அடுத்த முறை விதைப்புக்கு ஐந்து வாரங்களுக்கு முன்பே களையை நீக்கி, நிலத்தை வெறுமையாக வைத்திருங்கள்.