கிழமைக்கு இரண்டு தரமா, இரண்டு கிழமைக்கு ஒருக்காவா?

கேள்வி: நானும் ஊரில் ஐந்து அக்காமாரும் சேர்ந்து பனையோலைப் பெட்டி இழைக்கிறோம். வலென்சியாவில் ஒரு கடைக்காரர் எடுக்கச் சம்மதித்திருக்கிறார். லண்டன் மாமா ஆங்கிலத்தில் உடன்படிக்கை எழுதித் தந்தார். அதை ஸ்பானிஷில் தரும்படி கடைக்காரர் கேட்கிறார். ‘லைட் பாஸ்கெட்ஸ்’, ‘பைவீக்லி ஷிப்மென்ட்’, ‘நெட் 30’ என்ற மூன்று இடத்தில் தடுக்குப்பட்டு நிற்கிறேன். மொழிபெயர்ப்புச் செயலி ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்கிறது. எதை எடுப்பது?
– வாசகி, கோண்டாவில்

பதில்: பிள்ளை, இந்த மூன்றையும் இப்போதைக்கு ஸ்பானிஷில் எழுதாதீர்கள். முதலில் மாமாவுக்கு ஒரு கோல் எடுங்கள். “மாமா, இதை என்ன நினைத்து எழுதினீங்கள்?” என்று கேளுங்கள். அவருக்கும் தெரியாவிட்டால் கடைக்காரரைக் கேளுங்கள். கேட்டால் எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் நம்மவர்களுக்கு நிறைய உண்டு. எனக்கும் இருந்தது. அந்தக் கூச்சத்தால் ஆறு பேரின் கூலி ஒரு மாதம் முடங்கியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பார்சலோனாவில் இருந்து திரும்பி வந்து, யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு அறையில் மேசை போட்டு மொழிபெயர்க்கத் தொடங்கிய முதல் வருடம் அது. உங்களைப் போலவே பெட்டி இழைக்கும் பெண்கள் ஓர் ஆங்கிலத் தாளைக் கொண்டுவந்தார்கள். வேலை எவ்வளவு முடிந்தது என்பதைப் ‘பைவீக்லி’யாகப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று அதில் இருந்தது. நான் யாரையும் கேட்காமல் ‘இரண்டு கிழமைக்கு ஒருக்கா’ என்று ஸ்பானிஷில் போட்டுவிட்டேன். வாங்குபவர் நினைத்திருந்ததோ கிழமைக்கு இரண்டு தரம். பத்து நாள் படம் வரவில்லை என்றதும் அவர் பயந்துபோய் முற்பணத்தை நிறுத்திவிட்டார். விஷயம் விளங்கிக் காசு வந்து சேர ஒரு மாதம் சென்றது. அந்தப் பெண்களில் ஒருவர்கூட என்னிடம் கோபிக்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் நெஞ்சில் நிற்கிறது.

ஆங்கில அகராதியைத் திறந்தால் ‘பைவீக்லி’க்கு இரண்டு பொருளும் இருக்கும். தமிழில் அந்தக் குழப்பத்துக்கு இடமே இல்லை; எதைச் சொல்கிறோம் என்பதை வாய் திறக்கும்போதே தீர்மானித்துவிடுகிறோம். ஸ்பானிஷிலும் அப்படிச் சொல்ல வழி இருக்கிறது. கிழமைக்கு இரண்டு தரம் என்றால் ‘தோஸ் வெஸெஸ் போர் செமானா’. இரண்டு கிழமைக்கு ஒருக்கா என்றால் ‘காதா தோஸ் செமானாஸ்’. இவை இரண்டில் ஒன்றை எழுதுங்கள். ‘கின்ஸெனால்’ என்ற ஒற்றைச் சொல்லையும் செயலி நீட்டும். அழகான சொல்தான், ஆனால் அதன் வேர் பதினைந்து நாள். மெக்சிக்கோவில் சம்பளம் ‘கின்ஸெனால்’ என்றால் மாதத்தின் நடுவிலும் முடிவிலும், வருடத்துக்கு 24 தடவை. இரண்டு கிழமைக்கு ஒருக்கா என்றால் வருடத்துக்கு 26 தடவை. உங்கள் ஆறு பேருக்கு இரண்டு தடவைச் சரக்கு என்பது சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது ‘லைட்’. பாரம் குறைந்ததா, நிறம் வெளிறியதா? ஸ்பானிஷில் பாரம் குறைந்தது ‘லிஹேராஸ்’, வெளிர் நிறம் ‘க்ளாராஸ்’. தமிழிலும் ‘இலேசான’ என்று சொன்னால் இதே சிக்கல்தான். இலேசான பெட்டி என்போம், இலேசான பச்சை என்றும் சொல்வோம். இதை எழுதும்போது என் மேசையில் குருத்தோலைப் பெட்டி ஒன்று இருக்கிறது. காய்ந்த குருத்தோலை வெள்ளையும் மஞ்சளும் கலந்த நிறம். தூக்கினால் கையில் ஒன்றும் இருப்பதாகவே தெரியாது. ஆக, இந்தப் பெட்டி இரண்டு பொருளுக்கும் பொருந்திவிடுகிறது. படத்தைப் பார்த்து “ஓம், இதுதான்” என்று கடைக்காரர் சொன்னாலும் அவர் எதைச் சொன்னார் என்று உங்களுக்குத் தெரிய வராது. அதனால் கேள்வியை வேறு மாதிரிக் கேளுங்கள்: “இதே பெட்டியைச் சிவப்புச் சாயம் போட்டு இழைத்தால் எடுப்பீர்களா?” ஓம் என்றால் அவருக்குப் பாரம்தான் முக்கியம். இல்லை என்றால் நிறம். ஒப்பிட்டுப் பார்க்கச் சார்வோலையில் (முற்றிய ஓலையில்) இழைத்த கடகத்தின் படம் ஒன்றையும் கூடவே அனுப்பிவிடுங்கள்.

‘நெட் 30’ என்றால் 30 நாளில் முழுத்தொகையும். எந்த நாளில் இருந்து 30? அதுதான் தாளில் இல்லை. விலைப்பட்டியல் (இன்வொய்ஸ்) திகதியில் இருந்து என்றால் ‘ஆ 30 தியாஸ் ஃபேச்சா ஃபக்தூரா’ என்று ஸ்பெயின்காரர் எழுதுவார்கள். சரக்குக் கையில் கிடைத்த நாளில் இருந்து என்றால் ‘தெஸ்தெ லா ரெஸெப்ஸியோன்’ என்று வர வேண்டும். ஸ்பெயினின் 2004ஆம் ஆண்டு 3ஆம் இலக்கச் சட்டம் வணிகர்களுக்கு இடையிலான கொடுப்பனவைப் பற்றியது. ஒன்றும் பேசி வைக்காவிட்டால் சரக்குக் கிடைத்ததில் இருந்து 30 நாள் என்பதுதான் அங்கே பொது விதி. பேசி நீட்டினாலும் 60 நாளைத் தாண்ட முடியாது. கொழும்பில் இருந்து கப்பலில் போகிற பெட்டிக்கு வழியிலேயே பல கிழமை போய்விடும். அந்தக் கிழமைகளை யார் சுமப்பது என்பதை முதலிலேயே பேசி எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்கு அமெரிக்காவிலும் கொலம்பியாவிலும் வாடிக்கையாளர்கள். கூட்டக் குறிப்பில் ஒரு விஷயத்தை ‘டேபிள்’ பண்ணும்படி அமெரிக்கர் சொன்னதாக இருக்கிறது. ‘ப்ரெஸெந்தார்’ (சமர்ப்பிப்பது) என்று போட்டேன். மேலாளர் பிழை என்கிறார்.
– வாசகர், சுன்னாகம்

பதில்: மேலாளர் சொல்வது சரி. நாங்கள் படித்தது பிரித்தானிய ஆங்கிலம். எங்கள் பாராளுமன்றத்தில் ஓர் அறிக்கையைச் சபாபீடத்தில் சமர்ப்பிப்பதும் ‘டேபிள்’தான். அமெரிக்கர் வாயில் அதே சொல் பேச்சைத் தள்ளி வைப்பதைக் குறிக்கும், நேர் எதிர்ப்பொருள். சொன்னவர் அமெரிக்கர் என்றால் ‘அப்லஸார்’ என்று போடுங்கள். குறிப்பை எழுதியவர் எங்கள் ஊர்க்காரராக இருந்தால் அவரையும் ஒருக்கா கேட்டுவிடுங்கள், அவர் தன் ஆங்கிலத்தில் மாற்றி எழுதியிருக்கவும் கூடும்.

கேள்வி: பனங்கட்டி 1,250 கிலோ என்று எழுதினேன். மட்ரிட்டில் இருந்து “மாதிரிக்குத்தானே?” என்று கேட்கிறார்கள்.
– வாசகர், சாவகச்சேரி

பதில்: ஸ்பெயினில் காற்புள்ளிதான் தசமப் புள்ளி. அவர்கள் வாசித்தது ஒன்றேகால் கிலோ. நான்கு இலக்கம் என்றால் புள்ளியும் வேண்டாம், காற்புள்ளியும் வேண்டாம். 1250 என்று சேர்த்து எழுதி, பக்கத்தில் எழுத்திலும் போடுங்கள். மெக்சிக்கோவில் எங்களைப் போலவே புள்ளிதான் தசமத்துக்கு, அதனால் எந்த நாட்டுக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்று: ஆங்கிலப் ‘பில்லியன்’ நூறு கோடி. ஸ்பானிஷ் ‘பில்யோன்’ அதைவிட ஆயிரம் மடங்கு, ஓர் இலட்சம் கோடி. நூறு கோடிக்கு அங்கே ‘மில் மில்யோனெஸ்’ என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: ஆங்கிலக் கடிதத்தில் எல்லாம் ‘யூ’. ஸ்பானிஷில் ‘தூ’ போடுவதா, ‘உஸ்தெத்’ போடுவதா?
– மாணவி, நல்லூர்

பதில்: நீ, நீர், நீங்கள் மூன்றையும் வைத்துப் பேசி வளர்ந்த உங்களுக்கு இது ஆங்கிலேயரை விட இலகுவாக வரும். முதல் கடிதத்துக்கு ‘உஸ்தெத்’. ஸ்பெயின்காரர் இரண்டாம் கடிதத்திலேயே ‘தூ’வுக்கு இறங்கினால் நீங்களும் இறங்கலாம். அது அவர்களுக்கு எங்கள் ‘நீர்’ மாதிரி ஒரு நெருக்கம், மரியாதைக் குறைவு இல்லை. கொலம்பியாவின் பொகொட்டாக்காரர் நண்பரோடுகூட ‘உஸ்தெத்’ என்று பேசுவதுண்டு. அங்கே அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், ‘யூ’ ஒருவரா பலரா என்றும் பாருங்கள். ஸ்பானிஷில் ஒருவருக்கு ‘உஸ்தெத்’, பலருக்கு ‘உஸ்தெதெஸ்’. எங்கள் ‘நீங்கள்’ இரண்டுக்கும் பொது என்பதால் இந்த இடத்தில் நாங்களும் வழுக்குவோம். மூன்று பேருக்குப் போகிற கடிதத்தில் ‘கப்பல் கூலியை நீங்கள் கட்டுவீர்கள்’ என்று இருந்தால் யார் கட்டுவது? அந்த வரியில் ‘நீங்கள்’ வேண்டாம். ‘வாங்குபவர்’, ‘எல் கொம்ப்ரதோர்’ என்று பெயர் சொல்லியே எழுதுங்கள்.