கொழும்புக்குப் போனால் பூனைக்குட்டியை ஆர் பார்ப்பது?

கேள்வி: எங்கள் பூனைக்குட்டிக்கு 4 மாதம். கலியாணவீட்டுக்காக 5 நாள் கொழும்பு போகிறோம். சாப்பாட்டை வைத்துப் பூட்டிவிட்டுப் போகலாமா, தங்கை வீட்டில் விடலாமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: பூட்டிவிட்டுப் போகவே வேண்டாம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 3, 4 வேளை சாப்பாடு வேண்டும். இடம் மாறினால் குட்டி பயந்து ஒளியும், ஓடியும் விடும். ஆகவே தங்கை உங்கள் வீட்டில் வந்து தங்குவதே சிறந்தது. புறப்பட முன் இரண்டு நாளாவது அவரே சாப்பாடு வைத்துப் பழக்கட்டும்.

எங்கள் வெக்கைக்கு மீன் சாப்பாடு கெதியாகப் பழுதாகும். அரை மணித்தியாலத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். மீனை உப்பு, வெங்காயம், உள்ளி இல்லாமல் அவித்து, முள் நீக்கிக் கொடுக்கவும். உலர் தீனிக் கோப்பையைத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் எறும்பு ஏறாது. பசுப்பால் வேண்டாம், வயிற்றோட்டம் வரும். குட்டி மலசலம் கழிக்கும் மண் தட்டைத் தினமும் இரு தடவை துப்புரவாக்காவிட்டால் குட்டி மூலையில் போகப் பழகிவிடும். கிணறு திறந்த வளவென்றால் வெளியே விடவே கூடாது. பெண் குட்டியென்றால் இந்த வயதிலேயே சினைப்படவும் கூடும்.

காய்ச்சலென்று பரசிட்டமோல் கொடுத்துவிடாதீர்கள்; பூனைக்கு அது உயிராபத்து. அரை நாள் சாப்பிடாமல் சோர்ந்து கிடந்தால் உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோகட்டும். தடுப்பூசி அட்டை, வைத்தியரின் தொலைபேசி இலக்கம், காற்றோட்டமுள்ள கூடை, கொஞ்சக் காசு எல்லாவற்றையும் தங்கையிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.